சீதபேதியில் நியூட்ரோபில்களை அழைப்பது யார்?

சீதபேதி வந்தவரின் மலத்தில் சளி ஒட்டிய இடமாகப் பார்த்து ஒரு துளி எடுத்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, மெத்திலீன் நீலச் சாயத்தில் ஒரு சொட்டு விட்டு மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். நீல நிற உட்கருக்கள் கூட்டம் கூட்டமாகத் தெரியும். ஒவ்வோர் உட்கருவும் மூன்று நான்கு துண்டுகளாகப் பிரிந்து, மெல்லிய இழைகளால் தொடுத்திருக்கும். அவை நியூட்ரோபில்கள். ரத்தத்தில் இருக்க வேண்டிய வெள்ளையணுக்கள் மலத்துக்குள் வந்து கிடக்கின்றன. காலரா நோயாளியிடம் இதே சோதனையைச் செய்தால் பெரும்பாலும் ஒன்றும் தென்படாது. லிட்டர் லிட்டராகக் கழுநீர் நிறத்தில் வெளியேறும், உயிருக்கே ஆபத்தாகும். ஆனால் ரத்தமும் இருக்காது, வெள்ளையணுக்களும் அரிது.

இரண்டும் பாக்டீரியா நோய்கள்தான். காலரா சிறுகுடலிலும், சீதபேதிக்குக் காரணமான ஷிகெல்லா பெருங்குடலிலும் இடம் பிடிக்கின்றன. எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் காலராவில்தான் கலவரம் அதிகமாக இருந்திருக்க வேண்டும். ஷிகெல்லா பத்து முதல் நூறு வரை உள்ளே போனாலே ஆளைப் படுக்கையில் தள்ளிவிடும். காலராவுக்கு அதைவிடப் பல மடங்கு கிருமிகள் வேண்டும். அப்படியிருந்தும் காலராவில் குடல்சுவர் ஏறக்குறையப் பழுதில்லாமல் இருக்கிறது, சீதபேதியில் புண்ணாகி ரத்தம் கசிகிறது. காலராக் கிருமி செல்லின் மேலே ஒட்டிக்கொண்டு நச்சை மட்டும் உள்ளே அனுப்புகிறது. ஷிகெல்லா செல்லுக்குள்ளேயே போகிறது. நியூட்ரோபில்களின் வருகையை முடிவு செய்வது இந்த வேறுபாடுதான். அதைக் கவனித்து ஆள் அனுப்புவது குடலின் உட்பரப்பைப் போர்த்தியிருக்கும் எபிதீலியல் செல்.

இந்தச் செல்லுக்கு அப்படியொரு பொறுப்பு இருக்கிறது என்பதை ஏற்றுக்கொள்ளவே நாளாயிற்று. கிருமியைக் கண்டறிவதும் பதிலடி கொடுப்பதும் வெள்ளையணுக்களின் வேலை. எபிதீலியம் வெறும் தடுப்பு, உணவை உறிஞ்சும் பரப்பு. நெடுங்காலம் பொதுவான கருத்து அதுதான். உடல்நலக் கட்டுரைகளில் இன்றும் வெள்ளையணுக்கள் போர்வீரர்களாகவும் குடல்சுவர் கோட்டை மதிலாகவும்தான் வருகிறார்கள். மதிலுக்குக் கண்ணும் வாயும் உண்டு என்று தெரிந்த பிறகாவது அந்த உவமையை விட்டுவிடலாம்.

ஒரே ஒரு செல் தடிமன்

பெரியவர் ஒருவரின் செரிமானப் பாதையின் உட்பரப்பை விரித்தால் 30 சதுர மீட்டரைச் சற்றுத் தாண்டும் என்பது 2014-இல் வெளியான மறுகணக்கு. டென்னிஸ் மைதானம் அளவுக்கு இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது மிகை. குடல் முழுவதும் அந்தப் பரப்பை மூடியிருப்பது ஒரே ஓர் அடுக்குச் செல்கள். ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்கு உயரம். பக்கத்துப் பக்கத்துச் செல்களை இறுக்கமான புரதப் பிணைப்புகள் இணைக்கின்றன. மூன்று முதல் ஐந்து நாள்களுக்கு ஒருமுறை அடுக்கு முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது. பழைய செல்கள் உதிர்ந்து மலத்தோடு போகின்றன.

அடுக்கின் ஒரு பக்கம் கோடானுகோடி பாக்டீரியாக்கள். மறுபக்கம் ரத்தக் குழாய்களும் நோய் எதிர்ப்புச் செல்களும். பெருங்குடலில் இரண்டுக்கும் நடுவே சளிப் படலம் இரண்டு அடுக்காக இருக்கிறது. செல்லை ஒட்டிய உள்ளடுக்கில் பாக்டீரியா ஏறக்குறைய இல்லை என்று ஸ்வீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் 2008-இல் காட்டினார்கள். வெளியடுக்கில் தாராளமாக வாழ்கின்றன. ஆக, செல்லின் மேற்பரப்பைத் தொடும் தூரத்துக்கு ஒரு பாக்டீரியா வந்துவிட்டது என்பதே கொஞ்சம் வழக்கத்துக்கு மாறான செய்தி.

1993-இல் கலிஃபோர்னியாவின் சான் டியேகோவில் லார்ஸ் எக்மன், மார்ட்டின் காக்னாஃப் ஆகியோர் பெருங்குடல் எபிதீலியல் செல்களைத் தட்டில் வளர்த்து, அவற்றின் மீது பாக்டீரியாக்களை விட்டுப் பார்த்தார்கள். தட்டில் வெள்ளையணு எதுவும் இல்லை. செல்லுக்குள் புகும் திறனுள்ள பாக்டீரியாவை விட்டபோது செல்கள் இன்டர்லூக்கின்-8 என்ற சிறு புரதத்தைச் சுரந்தன. புகும் திறனற்றவற்றை விட்டபோது அப்படிச் சுரக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழுவினர் இன்னும் சில சமிக்ஞைப் புரதங்களையும் சேர்த்துப் பட்டியலிட்டார்கள். ஷிகெல்லா, சால்மோனெல்லா, லிஸ்டீரியா, யெர்சினியா என்று எது புகுந்தாலும் ஏறக்குறைய அதே தொகுப்பு வெளிவந்தது.

இன்டர்லூக்கின்-8-இன் வேலை நியூட்ரோபில்களை வழிநடத்துவது. சுரந்த இடத்தில் செறிவு அதிகம், விலக விலகக் குறைவு. ரத்தக் குழாய்ச் சுவரில் உருண்டுகொண்டிருக்கும் நியூட்ரோபில் அந்தச் செறிவு கூடும் திசையில் நகர்ந்து, குழாயைவிட்டு வெளியேறித் திசுவுக்குள் வரும். தகட்டில் நாம் பார்த்த நீல உட்கருக்கள் இந்தப் பாதையில் வந்தவைதான்.

நல்லது கெட்டது எப்படித் தெரியும்?

கிருமியை அடையாளம் காணும் ஏற்பிகளின் கதை பழ ஈயில் தொடங்குகிறது. பாக்டீரியாவுக்கே உரிய, நம் உடலில் இல்லாத மூலக்கூறுகளைப் பிடிக்கும் ஏற்பிகள் இருந்தாக வேண்டும் என்று சார்ல்ஸ் ஜேன்வே 1989-இல் ஊகித்தார். 1996-இல் ஜூல்ஸ் ஹாஃப்மன் ஆய்வகம், ஈயின் 'டோல்' என்ற மரபணு பூஞ்சைத் தொற்றை எதிர்க்கத் தேவை என்று கண்டது. 1998-இல் ப்ரூஸ் பாய்ட்லர் குழு, எலியில் அதற்கு உறவான டிஎல்ஆர்-4 பாக்டீரியாவின் வெளிச்சவ்வு நச்சான லிப்போபாலிசாக்கரைடை உணர்கிறது என்று கண்டது. 2011-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

குடலைப் பொறுத்தவரை இந்தக் கண்டுபிடிப்பு ஒரு சிக்கலைத்தான் கொண்டுவந்தது. லிப்போபாலிசாக்கரைடு ஷிகெல்லாவிடமும் இருக்கிறது, பிறந்தது முதல் நம்மோடு வாழும் ஈ. கோலையிடமும் இருக்கிறது. மரபணு வரிசையைப் பார்த்தால் ஷிகெல்லாவே ஈ. கோலை இனத்துக்குள் அடங்குவதுதான். தனிப்பெயர் மருத்துவ வழக்கத்தால் நிலைத்துவிட்டது. அந்த மூலக்கூறைக் கண்டதுமே குடல் பதறினால் நாம் ஒவ்வொருவரும் ஆயுள் முழுக்கச் சீதபேதியோடுதான் இருக்க வேண்டும்.

எபிதீலியல் செல் இதற்குக் கண்டுகொண்ட வழி, ஏற்பிகளை எங்கே வைப்பது என்பதில் இருக்கிறது. டிஎல்ஆர்-4-உம் அதன் துணைப் புரதமும் இந்தச் செல்களில் மிகக் குறைவு. அதனால் லிப்போபாலிசாக்கரைடு மேலே வந்து பட்டாலும் செல் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. பாக்டீரியா நீந்தப் பயன்படுத்தும் கசையிழையை உணரும் டிஎல்ஆர்-5 பெருங்குடல் செல்லின் அடிப்பக்கத்தில், உடலின் உட்புறத்தைப் பார்த்தபடி இருக்கிறது என்று 2001-இல் ஆண்ட்ரூ கெவிர்ட்ஸ், ஜேம்ஸ் மடாரா குழுவினர் காட்டினார்கள். கசையிழைப் புரதத்தை மேல்பக்கம் விட்டால் செல் சும்மா இருந்தது. அடிப்பக்கம் விட்டால் இன்டர்லூக்கின்-8 வந்தது. வாசலில் நிற்பவரை யாரும் ஏனென்று கேட்பதில்லை. அதே ஆள் கொல்லைப்புறத்தில் நின்றால் விஷயம் வேறு.

மூன்றாவது இடம் செல்லின் உள்ளே, சைட்டோபிளாசத்தில். அங்கே பாக்டீரியாவின் ஒரு துணுக்குகூட இருக்க நியாயமே இல்லை. இருந்தால் யாரோ உடைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று பொருள். அந்த இடத்தைக் காப்பது நாட்-1 என்ற புரதம். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபிலிப் சான்சொனெட்டியின் ஆய்வகம் ஷிகெல்லாவைக் கொண்டே 2001-இல் இதைக் காட்டியது. நாட்-1 பிடிப்பது பாக்டீரியாவின் செல்சுவர்த் துணுக்கு. அதிலும் ஷிகெல்லா போல வெளிச்சவ்வு உள்ள கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களில் மிகுதியாகக் காணப்படும் ஒரு குறிப்பிட்ட அமினோ அமிலம் உள்ள துணுக்கு. 2018-இல் பெய்ஜிங்கின் ஃபெங் ஷாவ் குழு இன்னொரு காவலைத் துலக்கியது. லிப்போபாலிசாக்கரைடைக் கட்டும்போது பாக்டீரியாவுக்குள் உருவாகும் ஏடிபி-ஹெப்டோஸ் (ADP-heptose) என்ற சர்க்கரையை, செல்லுக்குள் இருக்கும் ஏஎல்பிகே-1 என்ற நொதி கண்டுபிடித்துவிடுகிறது. ஷிகெல்லா புகுந்த ஆரம்ப நிமிடங்களில் எழும் பதிலில் இந்த வழியின் பங்கு பெரிது.

ஏற்பி எதுவானாலும் செய்தி பெரும்பாலும் என்எஃப்-கப்பா-பி என்ற ஒரே சந்திப்புக்குப் போகிறது. 1986-இல் டேவிட் பால்ட்டிமோர் ஆய்வகத்தில் ரஞ்சன் சென் அதை ஆன்டிபாடி செய்யும் வெள்ளையணுக்களான பி-செல்களில் கண்டார். பெயரில் 'பி' வந்தது அதனால்தான். பிறகு பார்த்தால் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்லிலும் இருக்கிறது. அமைதியான காலத்தில் அது ஒரு தடுப்புப் புரதத்தின் பிடியில் உட்கருவுக்கு வெளியே கிடக்கும். செய்தி வந்ததும் ஒரு நொதி அந்தத் தடுப்புப் புரதத்தில் பாஸ்பேட்டை ஒட்டும். ஒட்டியதைப் பார்த்து வேறொரு நொதி அதை அழிவுக்கென்று குறியிடும். செல்லின் கழிவு அரைவை அமைப்பான புரோட்டியசோம் அதை அரைத்துவிடும். விடுபட்ட என்எஃப்-கப்பா-பி அரைமணி நேரத்துக்குள் உட்கருவில் இருக்கும். இன்டர்லூக்கின்-8-இன் மரபணு அது திறந்துவிடும் நூற்றுக்கணக்கானவற்றில் ஒன்று.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம், திறந்துவிடப்படும் மரபணுக்களில் அந்தத் தடுப்புப் புரதத்தின் மரபணுவும் இருக்கிறது என்பது. புதிதாக உருவான தடுப்புப் புரதம் உட்கருவுக்குள் போய் என்எஃப்-கப்பா-பி-யைப் பிடித்து வெளியே இழுத்து வரும். தொந்தரவு தொடர்ந்தால் மறுபடி விடுபடும், மறுபடி பிடிபடும். ஒளிரும் புரதங்களைச் சேர்த்துத் தனிச்செல்களைப் படம் எடுத்தபோது சுமார் 100 நிமிடங்களுக்கு ஒருமுறை அது உட்கருவுக்குள் போவதும் வருவதுமாக இருந்தது. அழற்சியைத் தொடங்கும் கட்டளையிலேயே அதை அணைக்கும் கட்டளையும் எழுதப்பட்டிருக்கிறது.

ஷிகெல்லா போகும் வழி

1897-இல் ஜப்பானில் பரவிய சீதபேதி 90,000 பேருக்கு மேல் தாக்கியது. ஐந்தில் ஒருவருக்கு மேல் இறந்தார்கள். அந்தத் தொற்றில்தான் கியோஷி ஷிகா இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். நூறாண்டுக்கு மேல் ஆராய்ந்தும் அதன் தந்திரங்கள் தீர்ந்தபாடில்லை. அதனிடம் கசையிழை இல்லை. டிஎல்ஆர்-5 இருந்தும் பயனில்லை. பிளாஸ்மிட் எனப்படும் பெரிய தனி டிஎன்ஏ வளையம் ஒன்றில் ஊசி போன்ற ஒரு கருவிக்கான மரபணுக்கள் இருக்கின்றன. அந்தக் கருவி வழியாக ஏறக்குறைய முப்பது வகைப் புரதங்களை நம் செல்லுக்குள் செலுத்தும்.

பெருங்குடல் செல்லின் மேல்பக்கத்திலிருந்து நுழைவது ஷிகெல்லாவுக்குக் கடினம். அதனால் எம்-செல்கள் எனப்படும் சிறப்புச் செல்கள் வழியாக அடிப்பக்கம் போகிறது. குடலில் என்ன இருக்கிறது என்று மாதிரி எடுத்து உள்ளே அனுப்புவதுதான் அந்தச் செல்களின் வேலை. ஷிகெல்லா அதிலேயே ஏறிக்கொள்கிறது. அடியில் காத்திருக்கும் மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் வெள்ளையணு அதை விழுங்குகிறது, விழுங்கிய மேக்ரோபேஜ் வெடித்துச் சாகிறது. இப்போது ஷிகெல்லா எபிதீலியல் செல்லின் அடிப்பக்கத்தில், நுழைய வசதியான இடத்தில் நிற்கிறது. உள்ளே போனதும் தன்னைச் சுற்றியிருக்கும் சவ்வுப் பையைக் கிழித்துக்கொண்டு சைட்டோபிளாசத்துக்குள் இறங்கி, செல்லின் உள்சட்டகமான ஆக்டின் இழைகளையே பின்னால் தள்ளுவிசையாக்கிக்கொண்டு பக்கத்துச் செல்லுக்குத் தாவுகிறது. வெளியே வரவே வேண்டியதில்லை.

இதற்குள் நாட்-1, ஏஎல்பிகே-1 எல்லாம் விழித்திருக்கும். நியூட்ரோபில்கள் புறப்பட்டிருக்கும். அவை எபிதீலிய அடுக்கைக் கடந்து குடலின் உள்வெளிக்குப் போகின்றன. போகும்போது செல்களுக்கு இடையிலான பிணைப்புகள் தளர்கின்றன. அந்த இடைவெளி வழியாக மேலே காத்திருக்கும் ஷிகெல்லா இன்னும் எளிதாக அடிப்பக்கம் வருகிறது. 1994-இல் பாஸ்டர் குழு முயல்களில் நியூட்ரோபில்கள் திசுவுக்குள் வராதபடி ஓர் ஆன்டிபாடியால் தடுத்துப் பார்த்தது. குடல்சேதமும் குறைந்தது, உட்புகுந்த பாக்டீரியாவும் குறைந்தது. அப்படியானால் அழற்சியே எதிரி என்று சொல்லத் தோன்றும்.

ஆனால் 1999-இல் அதே ஆய்வகம் இன்டர்லூக்கின்-8-ஐ மட்டும் ஆன்டிபாடியால் முடக்கியது. எதிர்பார்த்தபடி நியூட்ரோபில்கள் குறைவாகவே வந்தன. எபிதீலியம் பெருமளவு தப்பித்தது. ஆனால் பாக்டீரியா எபிதீலியத்தைத் தாண்டி ஆழத்துக்குப் போனது, குடலிலிருந்து வரும் ரத்தத்திலும் தென்பட்டது. நியூட்ரோபில்கள் எபிதீலியத்தைக் கெடுத்தது உண்மை. அவைதான் கிருமியை அந்த அடுக்கோடு நிறுத்திவைத்திருந்தன என்பதும் உண்மை. சீதபேதி பெரும்பாலும் பெருங்குடலோடு நிற்கிறது, டைபாய்டு போல ரத்தம் முழுக்கப் பரவுவதில்லை. அதற்கு நாம் கொடுக்கும் விலைதான் ரத்தமும் சீதமும்.

வாய் அடைக்கப்பட்ட செல், பேசும் பக்கத்துச் செல்

ஷிகெல்லா உள்ளே செலுத்தும் புரதங்களில் பல, அழற்சிச் செய்தியை நடுவழியில் அறுப்பதற்கென்றே இருக்கின்றன. ஒஸ்ப்-எஃப் என்ற ஒன்றை மட்டும் பார்க்கலாம். செல்லின் சமிக்ஞைப் புரதங்களில் பாஸ்பேட் ஒட்டியிருந்தால் அவை இயங்கும். பாஸ்பேட்டை நீக்கும் நொதிகள் நம்மிடமும் உண்டு. அவை நீக்கினால் பிறகு மீண்டும் ஒட்டிக்கொள்ளலாம். ஒஸ்ப்-எஃப் பாஸ்பேட்டோடு சேர்த்து, அது ஒட்டியிருந்த ஆக்சிஜன் அணுவையும் பிய்த்தெடுத்துவிடுகிறது. அந்த இடத்தில் இனி எந்த நொதியும் எதையும் ஒட்ட முடியாது. 2007-இல் இந்த வேதியியல் தெரியவந்தது. விளைவு, இன்டர்லூக்கின்-8 மரபணு சுருண்ட டிஎன்ஏ-க்குள் மூடியே கிடக்கிறது.

இங்கே ஒரு முரண் எழுகிறது. ஷிகெல்லா புகுந்த செல் இத்தனை திறமையாக வாயடைக்கப்படுகிறது என்றால், நோயாளியின் மலத்தில் இத்தனை நியூட்ரோபில்கள் எப்படி?

2010-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தில் செசில் ஆரியூமெர்லூ குழு தனிச்செல் அளவில் பார்த்து விடை கண்டது. தட்டில் வளர்ந்த எபிதீலியல் செல்களில் எதற்குள் பாக்டீரியா இருக்கிறது, எது இன்டர்லூக்கின்-8 செய்கிறது என்று இரண்டு நிறங்களில் குறித்தார்கள். இரண்டு நிறமும் ஒரே செல்லில் விழுவது அரிதாக இருந்தது. பாக்டீரியா உள்ள செல்லைச் சுற்றியிருந்த, பாக்டீரியாவே இல்லாத செல்கள்தான் பெருமளவு சுரந்துகொண்டிருந்தன. தொற்றிய செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்கு, இரண்டையும் இணைக்கும் நுண்துளைகள் வழியாகச் செய்தி பாய்ந்திருந்தது. கிருமி தான் இருக்கும் செல்லைக் கட்டுப்படுத்தலாம். ஊசி படாத அண்டைச் செல்லை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. எபிதீலியம் செல்களின் கூட்டம் அல்ல, ஒன்றோடொன்று பேசும் திசு என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை நான் படித்ததில்லை.

செய்தி அனுப்புவதைத் தவிர இன்னொரு வழியும் செல்லுக்கு உண்டு: கிருமியோடு சேர்ந்து போய்விடுவது. பாக்டீரியாவின் ஊசிப் புரதத்தை நைப் என்ற புரதம் பிடித்தால் அது என்எல்ஆர்சி-4 என்பதோடு சேர்ந்து ஒரு பெரிய வளையமாகும். சைட்டோபிளாசத்தில் லிப்போபாலிசாக்கரைடு தட்டுப்பட்டால் காஸ்பேஸ்-4 என்ற நொதி நேரடியாகவே அதைப் பிடிக்கும். இரண்டு வழியும் கேஸ்டெர்மின்-டி என்ற புரதத்தை வெட்டுவதில் முடியும். வெட்டிய துண்டுகள் சவ்வில் துளை போடும். செல் அடுக்கிலிருந்து பிடுங்கப்பட்டு, உள்ளே இருக்கும் பாக்டீரியாவோடு மலத்தில் விழும். பக்கத்துச் செல்கள் உடனே நெருங்கி இடத்தை மூடும். ஐந்து நாளில் எப்படியும் உதிரப்போகும் செல்தானே. சூரிச்சின் வொல்ஃப்-டீட்ரிச் ஹார்ட் குழு 2014-இல் சால்மோனெல்லா தொற்றிய எலிக் குடலில் இதைப் பார்த்தது. இந்த வெளியேற்றம் நடக்காத எலிகளில் எபிதீலியத்துக்குள் பாக்டீரியா பல மடங்கு பெருகியது.

ஷிகெல்லாவுக்கு அந்தச் செல் உயிரோடு, இருக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும். அதனால் மூன்று படிகளிலும் கைவைக்கிறது. அது செலுத்தும் புரதங்களில் ஒஸ்ப்-சி3 காஸ்பேஸ்-4-ஐ வேதியியல் முறையில் முடக்குகிறது. ஐபிஏஎச்-7.8 கேஸ்டெர்மின்-டி-யைக் குறியிட்டுப் புரோட்டியசோமுக்கு அனுப்பிவிடுகிறது. டோக்கியோவின் சிஹிரோ சசகாவா குழு 2009-இல் கண்ட ஒஸ்ப்-ஈ, செல்லை அடித்தளத்தோடு இணைக்கும் பிடிப்பை உறுதிப்படுத்தி, அது பிய்ந்து விழாமல் பார்த்துக்கொள்கிறது.

இதில் ஐபிஏஎச்-7.8 மனிதக் கேஸ்டெர்மின்-டி-யைத்தான் அழிக்கும், எலியினுடையதைத் தொடாது. ஆய்வாளர்களை நெடுநாள் திண்டாடவைத்த ஒரு விஷயத்தோடு இது பொருந்திப்போகிறது. எலிக்கு வாய்வழியாக எவ்வளவு ஷிகெல்லா கொடுத்தாலும் சீதபேதி வருவதில்லை. முயல், கினிப்பன்றி, குரங்கு என்று மாற்றி மாற்றித்தான் ஆய்வு நடந்தது. 2020-இல் பெர்க்லியின் ரஸ்ஸல் வான்ஸ் குழு நைப்-என்எல்ஆர்சி-4 இல்லாத எலிகளுக்குக் கொடுத்தது. அவற்றுக்கு வயிற்றுப்போக்கும் எடை இழப்பும் குடல் அழற்சியும் வந்தன. அந்த மரபணுக்களை எபிதீலியல் செல்களில் மட்டும் திரும்பச் சேர்த்தபோது எலிகள் மறுபடி தப்பித்தன. எலியைக் காத்தது வெள்ளையணு அல்ல, உட்படலச் செல்.

மற்றவை

எல்லாப் பாக்டீரியாவும் அழற்சிக்கு அஞ்சுவதில்லை. உணவு நஞ்சாவதற்குப் பெயர்போன சால்மோனெல்லா டைஃபிமூரியம் அதை விரும்பி வரவழைக்கிறது. குடல் பாக்டீரியாக்கள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்ஃபைடை எபிதீலியம் தயோசல்ஃபேட்டாக மாற்றிவைக்கும். நியூட்ரோபில்கள் கக்கும் ஆக்சிஜன் சேர்மங்கள் பட்டால் அது டெட்ராதயோனேட்டாகிறது. ஆக்சிஜன் அரிதான குடலில் சால்மோனெல்லா டெட்ராதயோனேட்டை வைத்துச் சுவாசிக்க முடியும்; புளிக்கவைத்துப் பிழைக்கும் உள்ளூர் பாக்டீரியாக்களால் முடியாது. அவற்றைத் தள்ளிவிட்டு அது பெருகுகிறது. கலிஃபோர்னியாவின் டேவிஸில் ஆண்ட்ரியாஸ் பாய்ம்லர் குழு 2010-இல் இதை வெளியிட்டது. ஆய்வகங்களில் சால்மோனெல்லாவைப் பிரித்தெடுக்க டெட்ராதயோனேட் கரைசலைப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வந்தார்கள். அதற்குக் குடலிலேயே காரணம் இருந்தது.

அதன் நெருங்கிய உறவான டைபாய்டுக் கிருமி நேர் எதிர். 'வி' என்ற சர்க்கரை உறையைப் போர்த்திக்கொண்டு, குடலில் பெரிய நியூட்ரோபில் வெள்ளத்தைக் கிளப்பாமல் நழுவி, மேக்ரோபேஜ்களுக்குள் ஏறி உடலெங்கும் போகிறது. டைபாய்டின் முதல் வாரத்தில் வயிற்றுப்போக்கைவிடக் காய்ச்சல்தான் முன்னால் நிற்கும்.

நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால், மேலே சொன்னவற்றில் சில நேரடியாக உதவுகின்றன. ரத்தமும் சளியுமாகப் போகும்போது, குடலின் இயக்கத்தை நிறுத்தும் லோபெரமைடு போன்ற மாத்திரைகளை, முக்கியமாகக் குழந்தைகளுக்கு, கொடுக்கக் கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. குடல் உதிர்த்துத் தள்ள முயலும் செல்களையும் கிருமிகளையும் உள்ளேயே தேக்குவது நல்லதல்ல. மருத்துவர் பரிந்துரைக்கும் ஆன்டிபயாட்டிக் சீதபேதிக்குத் தேவை. ஆனால் சிப்ரோஃப்ளாக்சசினுக்குக் கட்டுப்படாத ஷிகெல்லா ஆசியாவில் பெருகிவிட்டது. நம்மூர்ப் பரிசோதனை நிலையங்களில் இப்போது செய்யப்படும் மலக் கால்ப்ரோடெக்டின் சோதனையும் இதே கதையின் கிளைதான். கால்ப்ரோடெக்டின் நியூட்ரோபில்லின் உள்ளே நிறைந்திருக்கும் புரதம். மலத்தில் அது கூடுதலாக இருந்தால் குடலில் அழற்சி இருக்கிறது என்று பொருள். எதனால் என்று அது சொல்லாது.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி. ஐ. மாத்தனும் அரை நூற்றாண்டுக்கு முன்பே, நோய் எதுவும் இல்லை என்று நடமாடும் தென்னிந்தியர் பலரின் சிறுகுடலில் உறிஞ்சுமுனைகள் குட்டையாகவும் திசுவில் வெள்ளையணுக்கள் மிகுந்தும் இருப்பதைப் பதிவுசெய்திருந்தார்கள். 2009-இல் தொடங்கி எட்டு நாடுகளில் பிறப்பிலிருந்து குழந்தைகளைப் பின்தொடர்ந்த மால்-எட் ஆய்வின் ஒரு களமும் வேலூர்தான். கைக்குழந்தையின் குடலில் திசு மாதிரி எடுக்க முடியாது என்பதால் மலத்தில் மைலோபெராக்ஸிடேஸ் என்ற நியூட்ரோபில் நொதியை அளந்தார்கள். 2018-இல் வந்த முடிவுகளில், வயிற்றுப்போக்கே இல்லாதபோதும் மலத்தில் ஷிகெல்லா தென்பட்ட குழந்தைகள் இரண்டு வயதில் உயரத்தில் பின்தங்கியிருந்தார்கள். பேதி இல்லை, ரத்தம் இல்லை, தாய்க்குத் தெரிய வழியில்லை. எபிதீலியம் மட்டும் தாழ்ந்த குரலில் மாதக்கணக்காக ஆள் அழைத்துக்கொண்டிருக்கிறது.

கழிப்பறை, கைகழுவுதல், குடிநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்து வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே ஆகிய நாடுகளில் நடந்த பெரிய ஆய்வுகளில் அவற்றால் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. பத்துக் கிருமி போதும் என்ற எதிரியிடம் வீட்டளவிலான சுத்தம் போதவில்லை என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்; தெருவுக்கும் ஊருக்குமான குழாயும் சாக்கடையும் வேண்டும். தடுப்பூசிக்கும் வேலை நடக்கிறது. பெரும்பாலான முயற்சிகள் ஷிகெல்லாவின் மேற்பரப்புச் சர்க்கரையைக் குறிவைக்கின்றன. அந்தச் சர்க்கரை ஐம்பதுக்கு மேற்பட்ட வகைகளில் மாறுகிறது என்பதால் ஃப்ளெக்ஸ்நெரி 2ஏ, 3ஏ, 6, சொன்னெய் ஆகிய நான்கு ஷிகெல்லா வகைகளையும் ஒரே ஊசியில் சேர்த்தால் உலகில் வரும் பெரும்பகுதியை மறைக்கலாம் என்பது இப்போதைய கணக்கு.